அடிக்கடி மின்சாரம் போகும் வீட்டில், பழைய கணினிக்கு ஏற்ற இலகுவான திறமூலத் தரவிறக்க மேலாளர் எது?

கேள்வி கேட்டவரிடம் 2 ஜிபி நினைவகமுள்ள பழைய விண்டோஸ் லப்டொப் ஒன்று இருக்கிறது. பெரிய கோப்புகளை ஃபயர்ஃபொக்ஸில் இறக்கும்போது மின்சாரமோ இணைப்போ போனால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருக்கும் எனக்கு இந்தத் தொல்லை புதிதன்று. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோதுதான் தரவிறக்க மேலாளர் ஒன்றை ஒழுங்காகப் பழகிக்கொண்டேன். இப்போது நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் மாரி மழையில் பனை மட்டையொன்று கம்பியில் விழுந்தால் ரவுட்டர் அணைந்துவிடும்.

என்னுடைய பதில் ஆரியா2 (aria2). இது சி++ மொழியில் எழுதப்பட்டு, ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வெளியாகும் கட்டளைவரி மென்பொருள். இதற்குச் சாளரமும் இல்லை, பொத்தானும் இல்லை. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சிட்டு அதன் பின்னால் இணைப்பு முகவரியை ஒட்டினால் வேலை தொடங்கிவிடும். எச்டிடிபி, எஃப்டிபி, டொரண்ட், மெட்டாலிங்க் ஆகிய எல்லாவற்றையும் இந்த ஒன்றே கையாளும். விண்டோஸில் நிறுவ வேண்டிய தேவையில்லை. ஸிப் கோப்பை விரித்து அப்படியே இயக்கலாம். சாதாரணத் தரவிறக்கத்துக்கு 4 மெகாபைட் அளவும், டொரண்டுக்கு 9 மெகாபைட் அளவும் நினைவகம் போதும் என்று அதன் ஆவணம் கூறுகிறது. வட்டுக்கு எழுதுமுன் தரவைத் தேக்கிவைக்கும் இடமாக இயல்பில் 16 மெகாபைட் வரை தனியே எடுத்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்தாலும் உலாவியின் ஒரு தத்தல் (டேப்) எடுக்கும் இடத்தைவிடக் குறைவுதான்.

ஆனால் இதை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் அந்தச் சிறுமை மட்டுமன்று. இறக்கும் கோப்பின் பக்கத்திலேயே, அதே பெயரின் இறுதியில் 'ஆரியா2' என்ற பின்னொட்டுடன் சிறிய கட்டுப்பாட்டுக் கோப்பு ஒன்றை அது வைத்திருக்கும். எந்தெந்தத் துண்டு வந்துவிட்டது, எது இன்னும் வரவில்லை என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. மின்சாரம் வந்தபின் அதே கட்டளையை அதே கோப்புறையில் மறுபடி கொடுத்தால், அந்தக் கணக்கைப் படித்து விட்ட இடத்திலிருந்து தொடரும். இயல்பாக 60 விநாடிக்கு ஒருமுறைதான் கணக்கை எழுதும் என்பதால், சடுதியாக மின்சாரம் போனால் கடைசி ஒரு நிமிட வேலை வீணாகலாம். நான் அந்த இடைவெளியை 10 விநாடியாகக் குறைத்து வைத்திருக்கிறேன்.

இந்தச் சிறிய கோப்பின் அருமை எனக்கு ஒரு தவறு செய்த பிறகுதான் விளங்கியது. கொக்குவிலில் இருக்கும் தங்கையின் மகனுக்காக லினக்ஸ் மின்டின் நிறுவல் கோப்பை, 3 ஜிபிக்குச் சற்றுக் குறைவான ஒன்றை, இறக்கிக்கொண்டிருந்தபோது இடையில் மின்சாரம் போய் வந்தது. கோப்புறையைத் திறந்து பார்த்தால் கோப்பு முழு அளவில் இருந்தது. பக்கத்தில் கிடந்த சிறிய கோப்பைக் குப்பையென்று நினைத்து அழித்துவிட்டு, பெரியதைப் பென் ட்ரைவில் போட்டுக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் அவன் தொலைபேசியில், "மாமா, உது பூட் ஆகுதில்லை" என்றான். விடயம் என்னவென்றால், ஆரியா2 தொடங்கும்போதே வட்டில் முழு இடத்தையும் முன்கூட்டி ஒதுக்கிவிடுகிறது; ஆகவே பாதி வெறுமையாக இருந்தாலும் கோப்பின் அளவு சரியாகவே தெரியும். நான் ஐந்து இணைப்புகளில் இறக்கியதால் வெற்றிடங்கள் நடுவிலும் கிடந்தன. கணக்குக் கோப்பும் இல்லாத நிலையில் மறுபடி இயக்கியபோது, அளவு சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு வேலை முடிந்துவிட்டது என்றே அதுவும் சொன்னது. முழுவதையும் அழித்து, முதலிலிருந்து இறக்க வேண்டியதாயிற்று. அதன்பின் வெளியீட்டாளர் தரும் ஷா-256 சரிபார்ப்பு எண்ணைக் கட்டளையிலேயே சேர்த்துவிடுகிறேன். இறக்கி முடிந்ததும் ஆரியா2 தானே ஒப்பிட்டுப் பார்த்துப் பொருந்தாவிட்டால் சொல்லிவிடும்.

வேகத்தைப் பற்றிப் பலருக்கு ஒரு மயக்கம் உண்டு. கோப்பைப் பதினாறாகப் பிரித்து இறக்கினால் பதினாறு மடங்கு வேகம் வரும் என்று நினைக்கிறார்கள். வீட்டுக்கு வரும் இணைப்பின் கொள்ளளவு அதனால் அதிகரிக்காது. கோப்பைத் தரும் வழங்கி (சேர்வர்) ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியே வேகத்தை மட்டுப்படுத்தியிருந்தால்தான் பெரும்பாலும் பலன் தெரியும். இன்னொன்று, எத்தனையாகப் பிரிப்பது என்பதைச் சொல்லும் 'எஸ்' தெரிவில் (-s) 16 என்று கொடுத்துவிட்டு ஒன்றும் மாறவில்லை என்று குறைப்படுபவர்கள் 'எக்ஸ்' தெரிவைக் (-x) கவனிப்பதில்லை. ஒரு வழங்கிக்கு எத்தனை இணைப்பு என்பதை அதுதான் தீர்மானிக்கும். அதன் இயல்பு மதிப்பு 1, உச்சம் 16. 40 மெகாபைட்டுக்குக் குறைந்த கோப்பை இயல்பு அமைப்பில் அது பிரிப்பதே இல்லை. இப்போதெல்லாம் நான் 4 இணைப்புக்கு மேல் வைப்பதில்லை. இலவசமாகக் கோப்பு தரும் வழங்கிகளை அதற்கு மேல் நெருக்குவது முறையும் அன்று.

எங்கள் வீட்டு டேட்டா பக்கேஜில் நள்ளிரவு முதல் காலை 7 மணி வரை தனி ஒதுக்கீடு உண்டு. ஆரியா2 எனக்குக் கூடுதலாகப் பயன்படுவது அங்கேதான். இறக்க வேண்டிய முகவரிகளை வரிக்கொன்றாக ஓர் உரைக்கோப்பில் எழுதி 'ஐ' தெரிவால் (-i) அதைக் காட்டி, விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலர் மூலம் 12.05க்குத் தொடங்க வைத்திருக்கிறேன். 'ஸ்டொப்' தெரிவில் (--stop) 24,600 விநாடி கொடுத்திருப்பதால் 6.55க்குத் தானாக நின்றுவிடும். தவறவிட்ட வேலையை இயன்ற விரைவில் இயக்கும்படி ஷெடியூலரில் ஒரு தெரிவு உண்டு. அதைத் தெரிவு செய்துவிடாதீர்கள்; இரவில் மின்சாரம் இல்லாமற் போனால், காலையில் கணினியைத் திறந்ததும் பகல் டேட்டாவைத் தின்னத் தொடங்கிவிடும்.

கறுப்புத் திரை பிடிக்காதவர்களுக்கு யூகெட் இருக்கிறது. அதுவும் திறமூலம், அதுவும் இலகுவானது, ஆரியா2வைத் தன் உள்ளே இணைத்துக்கொள்ளவும் வல்லது. மோட்ரிக்ஸ் பார்வைக்கு அழகானது. ஆனால் உலாவி ஒன்றையே உள்ளடக்கிய எலக்ட்ரோன் தளத்தின் மேல் கட்டப்பட்டிருப்பதால் 2 ஜிபி கணினிக்கு நான் சொல்லமாட்டேன். ஃப்ரீ டவுன்லோட் மனேஜர் இலவசம்தான், ஆனால் இன்றைய பதிப்பு திறமூலம் அன்று. பென் ட்ரைவில் கைமாறும், கட்டண மென்பொருளான ஐடிஎம்மின் (இன்டர்நெட் டவுன்லோட் மனேஜர்) உடைத்த பிரதிகளைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

கேட்டவரின் லப்டொப்பில் ஃபயர்ஃபொக்ஸ் பாதியில் விட்ட 'பார்ட்' பின்னொட்டுக் கோப்பு இன்னும் கிடந்தால் அழிக்க வேண்டாம். உலாவி அதை முன்னிருந்து வரிசையாக இறக்கியிருக்கும். பின்னொட்டை நீக்கிச் சரியான பெயரிட்டு, அந்தக் கோப்புறையில் நின்று விட்டதைத் தொடரச் சொல்லும் 'சி' தெரிவுடன் (-c) ஆரியா2வுக்கு அதே முகவரியைக் கொடுங்கள். கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்கும் கோரிக்கையை வழங்கி ஏற்பதாக இருந்தால் மிச்சத்தை மட்டும் இறக்கும்.