போஸ்டரின் அடியில் ஒட்டிய துண்டு

அன்புள்ள ஐயா,

கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பெரியப்பா யாழ்ப்பாணத்தில் ஒரு தியேட்டரில் வேலை செய்தவர். இப்போது இல்லை. போன மாதம் வீடு திருத்தும்போது அவருடைய றங்குப்பெட்டியைத் திறந்தோம். அடியில் பாய்க்குள் சுற்றியபடி பழைய சினிமாப் போஸ்டர்கள். 1995 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனபோது இந்தப் பெட்டியும் இங்கேதான் கிடந்தது, எப்படித் தப்பியது என்று தெரியாது. சில மடிப்பில் கிழிந்துவிட்டன. சிலவற்றுக்குப் பெரியப்பாவே செலோரேப் ஒட்டியிருக்கிறார், அது மண்ணிறமாகிவிட்டது. கொழும்பில் ஒருவர், துணியில் ஒட்டி, மை போன இடங்களுக்கு நிறம் கொடுத்து, அடியில் ஒட்டியிருக்கிற துண்டுகளையும் எடுத்துப் புதிதுபோல ஆக்கித் தருவதாகச் சொல்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, ஒன்றும் செய்யாதே, ஒறிஜினலாக இருந்தால்தான் மதிப்பு என்கிறார். எது சரி? என்ன விலை போகும்? கண்ணாடிச் சட்டம் போடலாமா? என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புள்ள தங்கச்சிக்கு,

கொழும்புக்காரரிடம் இன்னும் கொடுக்கவில்லைதானே? கொடுத்திருந்தால் மேற்கொண்டு வாசிக்காமல் முதலில் ஃபோன் எடுத்து வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். "அடியில் ஒட்டியிருக்கிற துண்டுகளையும் எடுத்து" என்று ஏதோ தூசி தட்டுவதுபோல எழுதியிருக்கிறீர்கள். கொஞ்ச நாளாக, தியேட்டர் பெயரும் காட்சி நேரமும் அடித்த அந்தத் துண்டுகளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் இந்தப் பதிலே.

முதலில் அண்ணரை அனுப்பிவிடுவோம். மெட்ரோபொலிஸ் என்ற 1927 ஆம் ஆண்டு ஜெர்மன் படத்தின் போஸ்டர் ஒன்று 2005 இல் 690,000 அமெரிக்க டொலருக்கு விற்றதை அவர் எங்கேயோ பார்த்திருப்பார். அதில் உலகத்தில் மிஞ்சியவை நான்கு என்று கணக்கு. பிள்ளை, உங்கள் றங்குப்பெட்டியில் இருப்பது அது இல்லை. விலைக் கதை இதோடு சரி.

ஆனால் அவர் சொல்வதில் ஒரு பாதி நியாயம். பழைய போஸ்டர் என்றால் மடிப்பு இருக்கும். அமெரிக்காவிலேயே எண்பதுகளின் நடுப்பகுதிவரை போஸ்டர்களை மடித்துத்தான் தியேட்டர்களுக்கு அனுப்பினார்கள், அதனால் சேகரிக்கிறவர்கள் மடிப்புக் கோட்டைப் பெரிய குறையாக எடுப்பதில்லை. மற்றப் பாதிதான் பிழை. ஒறிஜினலாக வைத்திருப்பது என்றால் தொடாமல் வைத்திருப்பது என்று நினைக்கிறார். இந்தக் கடதாசி மலிவான மரக்கூழ்த் தாள். மரத்தில் இருந்த லிக்னின் என்ற பொருளும் ஆலையில் சேர்த்த படிகாரமும் உள்ளேயே அமிலமாகித் தாளைத் தின்னும். நீங்கள் பெட்டியைப் பூட்டிவைத்தாலும் தின்னும். வெளியில் இருந்து கறையானோ இராமபாணப் பூச்சியோ வரத் தேவையில்லை. தொடாமல் வைத்த ஓலை ஏடுகள் என்ன ஆயின என்பதற்கு நமது ஊரிலேயே சாட்சி இருக்கிறது. சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது பதிப்புரையில் எழுதியதை எடுத்துப் பாருங்கள். எடுத்தால் ஓரம் கொட்டுகிறது, கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிறது என்று அந்த மனிதர் புலம்பியிருக்கிறார். அந்த ஏடுகளெல்லாம் அண்ணர் கேட்கும் ஒறிஜினல் நிலையில்தான் இருந்தன.

ஆகவே துணியில் ஒட்டுவதற்கு நான் எதிரி இல்லை. ஒழுங்காகச் செய்தால் நல்லது. நேரே துணியில் ஒட்டக்கூடாது, நடுவில் ஒரு மெல்லிய யப்பானியத் தாள் வரவேண்டும். பசை கோதுமை மாப் பசையாக இருக்கவேண்டும், தண்ணீர் பட்டால் திரும்பக் கழன்று வரும் பசை. நாளைக்கு வேறொருவர் வேறுவிதமாகச் செய்ய நினைத்தால் அவருக்கு வழி இருக்கவேண்டும், இந்த வேலையில் முதல் சட்டமே அதுதான். லமினேற் செய்தால் அந்த வழி அடைபட்டுவிடும், பிறகு கடவுளாலும் பிரிக்க முடியாது. வெளுக்கவைக்க மருந்து போடுவதும் அப்படி, பார்க்க வெள்ளையாக இருக்கும், நார் செத்துப்போகும். நிறம் கொடுப்பதென்றால் கிழிந்துபோய்ப் புதுத்தாள் வைத்த இடத்தில் மட்டும். பழைய மையின்மேல் தூரிகை படக்கூடாது. கதாநாயகியின் கன்னத்தில் மை போயிருந்தால் போனபடியே இருக்கட்டும், அவருக்கும் வயதாகிறதுதானே.

இப்போது துண்டுக்கு வருகிறேன்.

இந்தியப் படத்தின் போஸ்டர் அங்கே அச்சாகி இங்கே வரும். அதில் நடிகர், நடிகை, இயக்குநர், பாட்டு எல்லாம் இருக்கும். எந்த ஊரில், எந்தத் தியேட்டரில், எப்போது என்பது இருக்காது. அதை நமது ஊர் அச்சுக்கூடத்தில் ஒரு முழ நீளத் துண்டில் அடித்து அடியில் ஒட்டுவார்கள். எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் அப்படி ஒரு சின்ன அச்சுக்கூடம் இருந்தது. வெள்ளிக்கிழமை படம் மாறும் என்பதால் வியாழக்கிழமை பின்னேரம் அங்கே ஒரே அமளி. ரோஸ் நிறத்தில் மெல்லிய தாள், கறுப்பு மை. "நாளை வெள்ளி முதல்" என்று மேலே, வின்சரோ ராணியோ வெலிங்டனோ, தியேட்டரின் பெயர் நடுவில், கீழே "தினசரி 3 காட்சிகள் 10.30, 2.30, 6.30". பெரிய எழுத்துகள் மரத்தில் வெட்டியவை. அதிலே "ழ" ஒன்றுதான் இருந்தது, அதுவும் குறுக்கே வெடித்தது. மை அந்த வெடிப்புக்குள் இறங்காது. அதனால் அந்தக் கூடத்தில் அடித்த ஒவ்வொரு "யாழ்" இலும் ழகரத்தின் வயிற்றில் மயிர் போல ஒரு வெள்ளைக் கோடு ஓடும். இன்றைக்கும் அந்தக் கோட்டைக் கண்டால் எந்தக் கூடத்தில் அடித்தது என்று சொல்லிவிடுவேன். ஈரம் காயாத துண்டுகளைக் கயிற்றில் போட்டிருப்பார்கள், அவற்றுக்குக் கீழே குனிந்து போனால் முதுகில் மை. வீட்டுக்கு வந்தால் அம்மாவிடம் உதை.

ஒட்டுகிறவர் சைக்கிளில் வருவார். ஹாண்டிலில் வாளி, வாளிக்குள் கோதுமை மாவைக் காய்ச்சித் துத்தம் கலந்த பசை. துத்தம், ஆடு தின்னாமல் இருப்பதற்காக. நமது ஆடுகள் அதையும் மதிக்காதவை, அது வேறு கதை. (கவனித்தீர்களா, சுவரில் ஒட்டுகிறவருக்கும் லண்டனில் கையுறை போட்டுக்கொண்டு போஸ்டர் திருத்துகிறவருக்கும் ஒரே மாதான்.) உங்கள் பெரியப்பா வைத்திருந்தவை சுவரில் ஒட்டியவையாக இருக்கமுடியாது, அவற்றை முழுசாக உரித்தெடுக்க ஏலாது. தியேட்டர் வாசல் பலகையில் குத்திவைத்தவையாக இருக்கும். மூலைகளில் ஊசித்துளைகளும் துளையைச் சுற்றித் துருவும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தத் துளைகளையும் அடைக்க விடவேண்டாம்.

ஏன் இவ்வளவு சத்தம் போடுகிறேன் என்றால், போஸ்டரின் மற்றப் பிரதி எங்கேயாவது இருக்கும். சென்னையில் யாரோ ஒருவர் பெட்டியில் வைத்திருப்பார், அச்சடித்தது ஆயிரக்கணக்கில். அந்தத் துண்டு அடித்தது இந்த ஊருக்கு, ஒரு கிழமைக்கு, பிறகு எறிவதற்கு. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து இறக்குமதியைக் கையில் எடுத்தபிறகு இந்தியப் படங்கள் குறைந்தன, பழைய படங்களே திரும்பத் திரும்ப ஓடின. சென்னையில் வெளிவந்த ஆண்டைப் புத்தகத்தில் பார்க்கலாம். யாழ்ப்பாணம் அதை எப்போது பார்த்தது, எத்தனை தரம் பார்த்தது? அது துண்டில்தான் இருக்கிறது. எண்பதுகளில் இருட்டினால் வெளியே போகாத காலம் வந்தது. எந்தத் தியேட்டர் எந்த மாதத்தில் கடைசிக் காட்சியை நிறுத்தியது என்பதைக் காட்சி நேரங்களை அடுக்கிப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். இதையெல்லாம் எழுதிவைத்த அதிகாரி யாரும் இல்லை. அச்சுக்கோப்பவர் தெரியாமலே எழுதிவைத்தார்.

நூலகம் எரிந்ததைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை, அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள், நானும் எழுதியிருக்கிறேன். சினிமா நோட்டீசை யாரும் வந்து எரிக்கவில்லை. நாங்களே அதில் வடை சுற்றினோம். 1990 க்குப் பிறகு, பொருளாதாரத் தடையில் பத்திரிகையையே கொப்பித்தாளில் அடித்த காலத்தில், வீட்டில் கிடந்த போஸ்டர்கள் எல்லாம் பிள்ளைகளின் கொப்பிக்கு உறையாகின. நடிகரின் முகம் உள்பக்கம், வெள்ளைப் பக்கம் வெளியே, அதில் பெயரும் வகுப்பும். அந்தக் கொப்பி உறை ஒன்று யாரிடமாவது இருந்தால் அதையும் போஸ்டர் என்றுதான் சொல்வேன், யாராவது அதை நீவித் துணியில் ஒட்டிப் பிள்ளையின் பெயரை அழித்துத் தந்தால் முகத்தில் வீசுவேன்.

இது வெறும் பேச்சு இல்லை. என் நண்பர் ஒருவர் தன் போஸ்டர் ஒன்றை இப்படித்தான் திருத்தக் கொடுத்தார். யாரிடம், எங்கே என்பது வேண்டாம். குழாயில் சுருட்டி வந்தது, நான் இருக்கும்போதே பிரித்தார். மடிப்பு இல்லை, கறை இல்லை. கதாநாயகனின் தாடை மெழுகு பூசினதுபோல மினுங்கியது. அடியில் இருந்த துண்டைக் காணவில்லை, அது இருந்த இடத்துக்குப் புதிதாகச் சிவப்பு அடித்து, அச்சாகியிருந்த தயாரிப்பு நிறுவனத்தின் பெயரைக் கையால் எழுதி முடித்திருந்தார்கள். கேட்டால் திருத்தினவர், "ஐயா, அந்தக் கடதாசியை எடுக்க ரெண்டு நாள் சென்றது, அதுக்கு நான் காசே போடேல்லை" என்று பெருமையாகச் சொன்னாராம். நண்பர் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறார்! திருத்தினவரைவிட நன்றி சொன்னவர்மேல்தான் எனக்குக் கோபம், அதை அவரிடமே சொன்னேன், கொஞ்ச நாள் கதைக்கவில்லை.

அதனால் பிள்ளை, நீங்கள் செய்யவேண்டியது. ஒவ்வொன்றையும் முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் படம் எடுங்கள், நல்ல பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அடிக்கோல் வைத்து. பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியவை, தியேட்டர் முத்திரை, கணக்குக் கூட்டல் எது இருந்தாலும் அதற்குத் தனிப் படம். அந்தப் படங்களை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுக்கலாம், 2005 இலிருந்து நமது கடதாசிகளை இணையத்தில் சேர்த்துவைக்கிறவர்கள் அவர்கள்தான். குத்துவிளக்கு (1972), வாடைக்காற்று (1978) போல நமது நாட்டுப் படம் ஏதாவது அதற்குள் இருந்தால் எனக்கு இன்றைக்கே அறிவியுங்கள், இலங்கைத் தமிழ்ப் படங்களில் பலவற்றுக்குப் படச்சுருளே மிஞ்சவில்லை. போஸ்டர்களைச் சுருட்டாமல் தட்டையாக வையுங்கள். இடையில் பத்திரிகைத் தாள் வைக்கவேண்டாம், அதன் அமிலமும் சேர்ந்துகொள்ளும். செலோரேப்பை உரித்துப் பார்க்க ஆசை வரும், உரித்தால் மையும் சேர்ந்து வரும், விட்டுவிடுங்கள். பிறகு ஆறுதலாக ஆள் தேடலாம். எவரிடம் கொடுத்தாலும் துண்டு, துளை, முத்திரை மூன்றிலும் கை வைக்கக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கண்ணாடிச் சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெயில் படாத சுவரென்றால் போடுங்கள், கண்ணாடி தாளில் முட்டாமல் இடைவெளி விடச்சொல்லுங்கள். அண்ணரோடு இதற்காகச் சண்டை பிடிக்கவேண்டாம், தொடாதே என்றாவது ஒருவர் சொன்னபடியால்தான் நீங்கள் எனக்கு எழுதினீர்கள்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு: விலை விசாரித்து எனக்கு எழுதவேண்டாம். நான் வாங்குவதும் இல்லை, விற்றுக் கொடுப்பதும் இல்லை. ரோஸ் நிறத் துண்டில் "யாழ்" என்று இருந்து ழகரத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் மட்டும் எழுதுங்கள், உடனே பதில் போடுவேன்.