அரூர் தம்பியின் 25,000 ரூபாயும் இன்னும் நாலு கேள்விகளும்

வெளிநாட்டுக்குப் போகிறவர்களின் மருத்துவக் காப்பீடு பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் கேள்விகள் சேர்ந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: கட்டாயம் என்கிறார்களே, பணம் யார் கட்டணும்?

அண்ணா, சிங்கப்பூரில் கட்டட வேலைக்கு வொர்க் பெர்மிட் வந்திருக்கு. மெடிக்கல் இன்சூரன்ஸுக்குன்னு ஏஜென்ட் தனியா 25,000 ரூபாய் கேக்கிறார். கட்டலாமா? (அரூர்)

கட்டாதீங்க தம்பி. அங்கே வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி) இரண்டுக்கும் மருத்துவக் காப்பீடு எடுப்பது முதலாளியின் கடமை, வொர்க் பெர்மிட்காரர் தலையில் அந்தச் செலவைக் கட்டவும் கூடாது. முன்பு வருஷத்துக்கு 15,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) காப்பீடு இருந்தால் போதும் என்று இருந்தது, ஐசியுவில் நாலு நாள் படுத்தால் அது காணாமல் போய்விடும், அதனால் 2023 ஜூலை 1 முதல் குறைந்தது 60,000 வெள்ளி ஆக்கிவிட்டார்கள். 15,000-க்கு மேல் போகிற பில்லில் முக்கால் பங்கு காப்பீட்டு நிறுவனம், கால் பங்கு முதலாளி. இதில் உங்கள் பங்கு எங்கே வருகிறது? இது ஆஸ்பத்திரியில் சேர்வதற்கும் ஒரே நாளில் முடிகிற ஆபரேஷனுக்கும்தான். காய்ச்சல், தலைவலிக்குக் கட்டட வேலைக்காரர்களுக்கென்று பிரைமரி கேர் பிளான் தனியாக இருக்கிறது, அதையும் முதலாளிதான் வாங்கணும். ஏஜென்டிடம் பாலிசி நம்பர் கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் போகும்.

பையன் பர்கூரில் இன்ஜினியரிங் முடித்து, சில வருஷம் வேலை பார்த்துவிட்டு ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்கப் போகிறான், 28 வயது. மாதம் 30 யூரோ பாலிசி போதும் என்கிறார்கள். போதுமா சார்? (ஓசூர்)

அம்மா, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஜெர்மனியில் வசிக்கிற எல்லோருக்கும் 2009 முதல் மருத்துவக் காப்பீடு கட்டாயம், அதைக் காட்டாமல் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிய முடியாது. 30 வயதுக்குள் இருக்கும் மாணவருக்கு அரசுக் காப்பீட்டில் சலுகைக் கட்டணம் உண்டு, பராமரிப்புக் காப்பீடும் (முதுமையிலோ நோயிலோ கவனித்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டால் உதவுவது) சேர்த்து மாதம் சுமார் 140 முதல் 150 யூரோ ஆகும். 30 எங்கே, 150 எங்கே என்றுதான் தோன்றும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் தனியார் பாலிசிக்காக அரசுக் காப்பீட்டிலிருந்து விலக்கு எழுதி வாங்கிவிட்டால் படிப்பு முடியும்வரை திரும்ப உள்ளே வர முடியாது. பையனுக்கு ஆஸ்துமாவோ தைராய்டோ இருந்தால் மலிவான பாலிசிகளில் பெரும்பாலும் அதற்குப் பணம் வராது. அந்த 30 யூரோ பாலிசி, விமானத்திலிருந்து இறங்கும் நாளுக்கும் காலேஜ் பதிவுக்கும் நடுவில் இருக்கும் சில வாரங்களுக்குச் சரி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வயசையும் எண்ணிப் பாருங்கள். இரண்டு வருஷப் படிப்பு, தீசிஸ் இழுத்தால் இரண்டரை. 30 முடிகிற செமஸ்டர் வரைதான் மாணவர் கட்டணம், அப்புறம் கூடும். வேலைக்குப் போனால் கட்டணத்தில் ஏறக்குறைய பாதி கம்பெனி கட்டும், வருமானமில்லாத மனைவியும் குழந்தைகளும் அதே அரசுக் காப்பீட்டில் கூடுதல் காசில்லாமல் சேரலாம்.

வீட்டுக்காரர் ஷார்ஜாவில் டிரைவர். இத்தனை நாள் இன்சூரன்ஸே இல்லை, இப்போ விசா புதுப்பிக்கக் கேக்கிறாங்களாம். சம்பளத்துல பிடிப்பாங்களா? (போச்சம்பள்ளி)

பிடிக்கக் கூடாதுங்க. அபுதாபியிலும் துபாயிலும் இது பல வருஷமாகவே கட்டாயம். ஷார்ஜா உட்பட மற்ற எமிரேட்டுகளில் தனியார் ஊழியர்களுக்கும் வீட்டு வேலைக்காரர்களுக்கும் 2025 ஜனவரி 1 முதல்தான் வந்தது, அதனால்தான் இப்போது கேட்கிறார்கள். அடிப்படைத் திட்டம் வருஷத்துக்கு 320 திர்ஹாம், கட்ட வேண்டியவர் முதலாளி. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பில்லில் 20 சதவீதம் நோயாளி பங்கு, அதற்கும் உச்சவரம்பு உண்டு.

அவர் பத்தாவது முடிக்காமல் இசிஆர் பாஸ்போர்ட்டில் (வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படுவது) போனவர் என்றால், போகும்போது பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற இந்திய அரசின் காப்பீட்டை எடுத்திருப்பார்கள். விபத்தில் உயிரிழப்பு அல்லது நிரந்தர ஊனம் ஏற்பட்டால் 10 லட்சம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்றுக்கு 375, மேலே வரி. முடிந்திருந்தால் ஆன்லைனிலேயே புதுப்பிக்கலாம். மறந்துபோகிறவர்கள்தான் ஜாஸ்தி.

இங்கிலாந்தில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. ஹெல்த் சர்சார்ஜ் வருஷத்துக்கு 1,035 பவுண்டு கட்டணுமாமே? (பென்னாகரம்)

சர்சார்ஜ் என்பது அங்கே அரசு மருத்துவத்தைப் பயன்படுத்த விசாவோடு கட்டும் கட்டணம். ஹெல்த் அண்ட் கேர் வொர்க்கர் விசா என்றால் உங்களுக்கு இல்லை, கூடப் போகும் கணவர், குழந்தைகளுக்கும் இல்லை. 1,035 மற்ற வேலை விசாக்களுக்கு, மாணவர்களுக்கு 776. பல் வைத்தியத்துக்கு அங்கே தனியாகக் காசு போகும், இங்கேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எங்கள் குடும்பத்துக்குக் கலைஞர் காப்பீட்டு அட்டை இருக்கு. நான் ஓமன் போகிறேன், அங்கே செல்லுமா? (பாலக்கோடு)

செல்லாது. இப்போது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு என்று பெயர், அது ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு. ஆனால் அதற்குக் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்கணும், அதனால் உங்கள் சம்பளம் வர ஆரம்பித்ததும் அப்பாவுக்குத் தனிப் பாலிசி ஒன்று பாருங்கள், சர்க்கரை வருவதற்கு முன்னாலேயே.