முகம் எப்போது அசையும், அண்ணாச்சி?

பாளையங்கோட்டையில் பிசியோதெரபி பார்க்கிறேன். முக நரம்பைத் தைப்பவர் அறுவை மருத்துவர். அதன்பின் மாதக்கணக்கில் கண்ணாடி முன் உட்காரவைப்பவன் நான். இந்த வாரம் வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இவை.

ஆலங்குளம்: அண்ணாச்சி, தம்பி பைக்கிலிருந்து விழுந்ததில் கன்னம் கிழிந்து முக நரம்பு அறுந்தது. அன்றைக்கே தைத்துவிட்டார்கள். 40 நாளாகியும் கன்னம் அசையவில்லை. தையல் விட்டுவிட்டதா?

பயப்படாதீர்கள், 40 நாளில் எவருக்கும் அசையாது. தைத்தது நரம்பின் உறையைத்தான். உள்ளே இருக்கும் இழைகளை யாராலும் தைக்க முடியாது. அறுந்த இடத்துக்கு அப்பால் உள்ள இழை சிதைந்து, வெறும் குழாய்தான் மிஞ்சும். தவளை நாக்கின் நரம்பை அறுத்துப் பார்த்து 1850-இல் இதை எழுதியவர் அகஸ்டஸ் வாலர். மேல்முனையிலிருந்து புது இழை முளைத்து அந்தக் குழாய்க்குள் ஊர்ந்து போக வேண்டும். வேகம் நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். தம்பியின் காதடியிலிருந்து வாயோரம் வரை ஒரு நூலை வைத்து அளந்து பாருங்கள். 10 சென்டிமீட்டர் என்றால் அதற்கே 100 நாள். தையலைத் தாண்டவும் தசையோடு சேரவும் ஆகும் வாரங்கள் தனி. நான்கு முதல் ஆறு மாதம் பொறுங்கள். அசைவுக்கு முன்பே, தொங்கிய கன்னம் சற்று ஏறி நிற்பது தெரியும். அதுதான் முதல் நல்ல சேதி.

பணகுடி: அப்பாவுக்குக் கண் மூடவில்லை. எங்கள் ஊர்க் காற்றுதான் உங்களுக்குத் தெரியுமே.

தெரியும், காற்றாலைகளைச் சும்மாவா அங்கே நட்டிருக்கிறார்கள்! நரம்பு மெதுவாக வரட்டும், கண் காத்திருக்காது. பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு போட்டு இமையை முழுதாக மூடியபின் டேப், வெளியே போனால் பக்கமும் மறைக்கும் கண்ணாடி. சிவந்தாலோ வலித்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். நாளாகும் என்று தெரிந்தால் மேலிமைக்குள் சிறு தங்க எடை வைப்பார்கள். எடை ஒரு கிராமை ஒட்டித்தான் இருக்கும், அடகுக்கெல்லாம் தேறாது.

கடையநல்லூர்: கட்டியோடு முக நரம்பையும் எடுத்து, கால் நரம்பை வைத்து ஒட்டினார்கள். இப்போது பாதத்தின் வெளிப்பக்கம் மரத்திருக்கிறது.

அது உணர்ச்சிக்கு மட்டுமான நரம்பு, நடை கெடாது. மரத்த இடம் நாளடைவில் சுருங்கும். சர்க்கரை இருந்தால் தினமும் பாதத்தைப் பாருங்கள். இழை இரண்டு தையலைத் தாண்ட வேண்டியிருப்பதால் முகத்துக்குக் கூடுதல் காலம் பிடிக்கும்.

வள்ளியூர்: கரண்ட் வைத்தால் சீக்கிரம் வருமாமே? சூயிங்கமும் மெல்லச் சொல்கிறார்கள்.

வெளியே கரண்ட் வைத்துத் தசையைத் துடிக்கவைப்பதால் நரம்பு வேகமாக வளரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அறுவை மருத்துவர் சொல்லாமல் நான் வைப்பதில்லை. மெல்லும் தசைக்கு வேறு நரம்பு. நாள் முழுக்க மென்றாலும் தாடைதான் வலிக்கும். மெல்லும் நரம்பின் கிளையையே முக நரம்போடு இணைத்திருந்தால் கதை வேறு. அவர்கள் பல்லைக் கடித்துத்தான் சிரிக்கப் பழகுவார்கள்.

அம்பாசமுத்திரம்: விபத்தில் காதுக்குள் நரம்பு அறுந்து, தைத்து ஒரு வருடம் ஆகிறது. சிரித்தால் கண் மூடிக்கொள்கிறது. சாப்பிட்டால் கண்ணீர் வருகிறது. பழையபடி ஆகாதா?

அம்மா, உண்மையைச் சொல்கிறேன்: அறுத்துத் தைத்த நரம்பு அப்படியே பழையபடி ஆவதில்லை. கன்னடியன் கால்வாய்க்குப் போக வேண்டிய தண்ணீர் கோடகன் கால்வாயில் பாய்ந்த கதைதான். வாய்க்குப் போக வேண்டிய இழை கண்ணுக்குப் போய்விட்டது. எச்சில் சுரப்பிக்கானது கண்ணீர்ச் சுரப்பியில் சேர்ந்துவிட்டது. மருத்துவத்திலும் இதற்கு முதலைக் கண்ணீர் என்றுதான் பெயர். இனிப் பெரிதாகச் சிரித்துப் பழகாதீர்கள், தப்பான இணைப்புதான் வலுக்கும். கண்ணாடி முன் உட்கார்ந்து, கண் மூடத் தொடங்கும் அளவுக்குச் சற்று முன்பே சிரிப்பை நிறுத்துங்கள். அரிசியளவு அசைவு போதும். பத்துப் பத்து நிமிடமாக நாளுக்கு இரண்டு வேளை. அதற்கும் அடங்காத தசைக்குச் சிறிதளவு போடாக்ஸ் ஊசி உண்டு.

சங்கரன்கோவில்: நரம்பு அறுந்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது தைக்கலாமா?

நரம்பில்லாத தசை ஒன்றிரண்டு வருடத்தில் நலிந்துவிடும், நரம்பு வந்து சேர்ந்தாலும் பயன் இல்லை. தொடைத் தசையை நரம்போடும் ரத்தக்குழாயோடும் எடுத்து முகத்தில் வைக்கும் அறுவை இருக்கிறது. பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் கேளுங்கள்.

களக்காடு: பஸ் ஜன்னல் காற்றுப் பட்டு நேற்று வாய் கோணிவிட்டது. ஆபரேஷன் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம், ஆனால் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நெற்றியைச் சுருக்க முடிந்து வாய் மட்டும் கோணியிருந்தாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அது மூளைப் பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். முக நரம்பு வீக்கம் என்றால் ஸ்டீராய்டு மாத்திரையை மூன்று நாளுக்குள் தொடங்க வேண்டும்.

நாங்குநேரி: முன்னேற்றம் இருக்கிறதா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது?

மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் வீடியோ எடுங்கள்: சும்மா இருக்கும் முகம், நெற்றி சுருக்கல், கண் மூடல், சிரிப்பு, ‘ஊ’. என்னிடம் வந்த பெரியவர் ஒருவருக்கு வீடியோவில் நம்பிக்கை இல்லை. அவருடைய கணக்கு பதநீர். முதல் பங்குனியில் ஓலைப் பட்டையில் குடித்தபோது பாதி வாயோரம் வழிந்து வேட்டியை நனைத்தது. அடுத்த பங்குனியில் பட்டையோடு வந்து என் முன்னாலேயே குடித்துக் காட்டினார். வேட்டி நனையவில்லை. ‘பதநீர்’ என்று சொல்லும்போது மட்டும் ‘ப’வில் கொஞ்சம் காற்று போகிறது.