மனச்சோர்வு மாத்திரை தொடங்கியதும் அம்மாவால் உட்காரவே முடியவில்லை

கேள்வி (கொழிஞ்சாம்பாறை வாசகி): 58 வயதாகும் அம்மாவுக்கு மனச்சோர்வு. கோவை டாக்டர் எஸ்சிடலோபிராம் கொடுத்து பத்து நாளாகிறது. இப்போது ஓரிடத்தில் உட்காராமல் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே இருக்கிறார். வலது கை வேறு நடுங்குகிறது. நோய் முற்றிவிட்டதா? மாத்திரையை நிறுத்திவிடலாமா? பாலக்காடு பக்கத்துச் சித்தூரில் எழுதித் தந்த கேஸ் மாத்திரையும் சாப்பிடுகிறார்.

பதில்: நோய் முற்றிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். மருந்து தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய முதல் சில வாரங்களில் சிலருக்கு இப்படி வரும். 'அகதீசியா' என்பார்கள். கால் ஓரிடத்தில் நிற்காது, உள்ளுக்குள் ஏதோ பிறாண்டும், நடந்தால் கொஞ்சம் அடங்கும். இதைப் பதற்றம் என்று எண்ணி அளவைக் கூட்டினால் இன்னும் மோசமாகலாம்.

ஆனால் எனக்குப் பெரிய சந்தேகம் அந்தக் கேஸ் மாத்திரை மேல்தான். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ரேபிபிரசோல் அல்லது பான்டோபிரசோலோடு 'லெவோசல்பிரைடு' என்றும் இருக்கிறதா? உப்புசத்துக்காகச் சேர்க்கும் இந்த மருந்து, உடல் அசைவைச் சீராக வைக்கும் டோபமின் என்ற மூளை ரசாயனத்தையும் தடுக்கும். கை நடுக்கம், உடல் இறுக்கம், நடை தளர்வது, முகத்தில் அசைவு குறைவது எல்லாம் இதனால் வரும். வயதானவர்களுக்கு இன்னும் அதிகம். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடும் இப்படித்தான். மனசுக்குக் கோவை, வயிற்றுக்குச் சித்தூர் என்று போகும் கேரள எல்லையோரக் குடும்பங்களில் இரண்டு சீட்டையும் ஒரே டாக்டர் பார்ப்பதே அபூர்வம். எனக்கு ஆதங்கமே அதில்தான்.

எஸ்சிடலோபிராமை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம், மனச்சோர்வும் திரும்பலாம். இன்றே கோவை டாக்டருக்குப் போன் செய்து, கேஸ் மாத்திரையை நிறுத்தலாமா என்று முதலில் கேளுங்கள். உட்கார முடியாத தவிப்புக்கு அவர் எஸ்சிடலோபிராம் அளவைக் குறைப்பார், மருந்தை மாற்றுவார், அல்லது சில நாளுக்கு புரோப்ரனலால் தருவார். புரோப்ரனலால் ஆஸ்துமாவுக்கு ஆகாது, அம்மாவுக்கு அது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

காய்ச்சல், கொட்டும் வியர்வை, விறைப்பு, குழப்பம், கைகால் வெட்டி இழுப்பது இவை சேர்ந்து வந்தால் காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். மூட்டு வலிக்கு டிரமடால் சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். அகதீசியாவின் தவிப்பு சிலரைச் சாவைப் பற்றி நினைக்க வைக்கும். அதனால் அம்மாவைத் தனியாக விடாதீர்கள். அப்படி ஏதும் பேசினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆலோசனை கேட்க 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். கடையில் வெட்டித் தந்ததில் பெயர் போயிருந்தால் பில்லைக் காட்டுங்கள். அம்மா நடப்பதையும், மடியில் கை வைத்து உட்காரும்போது விரல் நடுங்குவதையும் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் அது அடங்கியிருக்கலாம்.