டொராண்டோ குளிரில் வீட்டுக்குள் கறிவேப்பிலை: எத்தனை வாட் எல்இடி?

2 அடிக்கு 2 அடி இடத்துக்கு, ப்ளக்கிலிருந்து உண்மையிலேயே 80 முதல் 100 வாட் இழுக்கும் வெள்ளை எல்இடி போதும். செடியின் உச்சியிலிருந்து 12–18 அங்குல உயரத்தில் தொங்கவிட்டு, தினமும் 14 மணி நேரம் எரியவிடுங்கள்.

"600 வாட்" என்று விற்கும் விளக்கு போட்டும் தளிர் நீண்டு வெளிறுகிறதா? அந்த 600 பெரும்பாலும் விளம்பர எண்தான். உண்மையில் எடுப்பது 60 வாட்டாக இருக்கலாம். அதையும் 3 அடி உயரத்தில் மாட்டினால் இலைக்கு வந்து சேரும் வெளிச்சம் சொற்பம்.

இரண்டு விஷயங்களைப் பாருங்கள்:

1. ப்ளக்கில் செருகும் வாட் மீட்டரில் எவ்வளவு காட்டுகிறது?

2. போனில் லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) காட்டும் ஆப் போட்டு, சென்சாரை உச்சி இலை மட்டத்தில் விளக்கைப் பார்த்தபடி பிடியுங்கள். 20,000–25,000 லக்ஸ் வேண்டும். நடுவில் மட்டும் பார்க்காமல் நான்கு மூலைகளிலும் பாருங்கள். ஓரத்தில் பாதியாகக் குறைவது சகஜம். ஊதா நிற விளக்கென்றால் லக்ஸ் கணக்கு பொருந்தாது, வாட் மீட்டர் காட்டுவதை மட்டும் நம்புங்கள்.

புது விளக்கை முதல் நாளே முழு வெளிச்சத்தில் வைக்காதீர்கள். பாதியில் தொடங்கிப் பத்து நாளில் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் மேல் இலைகள் வெளுத்துக் கருகிவிடும்.

ஆனால், பழுத்த இலைகள் கொத்துக் கொத்தாக உதிர்ந்தால் வெளிச்சத்தைவிட வேரைத்தான் சந்தேகப்படுவேன். சன்னலோரத் தரையில் தொட்டி சில்லிட்டுக் கிடக்க, மண்ணும் ஈரமாகவே இருந்தால் எத்தனை வாட் போட்டாலும் பயனில்லை. தொட்டியை ஸ்டூல் மேல் ஏற்றுங்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.