போர்க்காலத்துக் கடைக்காசுகள்

கேள்வி: அமெரிக்காவில் பணிபுரியும் என் மகன், அந்நாட்டு உள்நாட்டுப் போரின்போது கடைக்காரர்கள் வெளியிட்டவை என்று சில செப்புக்காசுகளை வாங்கி அனுப்பியிருக்கிறான். கறுத்திருக்கும் அவற்றைப் புளி போட்டுத் தேய்க்கலாமா? ஒன்றில் 'ஒன் சென்ட்' என்றிருக்கிறதே, அது அரசாங்கக் காசா? நம் நாட்டிலும் இப்படி நடந்ததுண்டா?
– வாசகர், ஏற்காடு

பதில்: முதலில் புளியைத் தள்ளி வையுங்கள். செம்பின் மேல் தானாகப் படிந்த பழுப்பைத்தான் சேகரிப்போர் விரும்புவார்கள். தேய்த்து மினுக்கிய காசை அவர்கள் திரும்பியும் பார்ப்பதில்லை.

அந்த 'ஒன் சென்ட்' காசை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சில காசுகளில் அச்சொற்களுக்கு மேலே 'நாட்' என்று பொடி எழுத்தில் பொறித்திருப்பார்கள். அதாவது, இது ஒரு சென்ட் அல்ல! கள்ளக்காசு அடித்ததாக வழக்கு வந்தால் தப்பிக்கச் செய்த சாமர்த்தியம் அது. 1862-இல் பொன்னும் வெள்ளியும் மட்டுமின்றிச் சென்ட் காசுகளும் பதுக்கலுக்குப் போய்விட, சில்லறை கொடுக்க வழியற்ற வணிகர்கள், ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் அகலத்தில், சென்ட் அளவிலேயே இவற்றை அடிப்பித்தார்கள். நியூயார்க்கில் பீர்க்கடை நடத்திய லிண்டன்முல்லர் பத்து லட்சத்துக்கும் மேல் வெளியிட்டார் என்பார்கள். டிராம் நிறுவனம் ஒன்று, தன்னிடம் குவிந்தவற்றைக் கொண்டுபோய்ப் பணம் கேட்டபோது அவர் கைவிரித்துவிட்டாராம். 1864 ஏப்ரல் 22-ஆம் நாளைய சட்டம் இந்த வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

கொடியும் முழக்கமும் மட்டும் உள்ளவற்றைவிட, கடையின் பெயரும் ஊரும் பொறித்தவற்றை முதலில் சேருங்கள் என்பேன். எந்தத் தெருவில் யார் என்ன விற்றார் என்பதுவரை அவற்றைக் கொண்டு தேடிப் போகலாம். மெல்வின் ஃபுல்ட், அவர் மகன் ஜார்ஜ் இருவரும் இக்காசுகளைப் பட்டியலிட்டு வகுத்த எண்முறையில் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. விற்றவர் கொடுத்த சீட்டில் அது இருக்கலாம் என்பதால் சீட்டைத் தூக்கி எறிய வேண்டாம்.

நம் நாட்டில், இரண்டாம் உலகப்போரின்போது வெள்ளி ரூபாய் பதுங்கியதால் 1940-இல் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. 1943-இல் செம்பை மிச்சம் பிடிக்க, நடுவில் ஓட்டை போட்ட காலணா வந்தது. பிக்கானீர், மோர்வி முதலிய சமஸ்தானங்கள் சில்லறைக்குப் பதிலாக அட்டைக் கூப்பன்களையே அச்சிட்டன. அவை வணிகர் வெளியீடு அல்ல என்றாலும், உங்கள் தொகுப்பில் பக்கத்தில் வைக்கத் தகுந்தவை. சேலத்துப் பழைய வீடுகளின் அஞ்சறைப் பெட்டிகளில் ஓட்டைக் காலணா இன்றும் அகப்படும்.

ஏற்காட்டு ஈரத்தில் செம்பு விரைவில் களிம்பு ஏறும், பி.வி.சி. உறைகளைத் தவிர்த்து, அமிலமற்ற தாள் உறையில் இட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள்.