88 கட்டைகளும் ஒன்றல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வயலின் கலைஞர் தன் வயலினோடு வருகிறார். பியானோ கலைஞர் வெறுங்கையோடு வந்து, அரங்கில் இருப்பதை வாசித்துவிட்டுப் போகிறார். எல்லாப் பியானோவிலும் 88 கட்டைகள்தானே? பிறகு ஏன் கச்சேரி அன்று பகலெல்லாம் அரங்கிலேயே கிடக்கிறார்கள்?

ச.

அன்புள்ள ச.,

பியானோ மேதை ஹோரோவிட்ஸ் 1986-இல் மாஸ்கோவுக்குத் தன் சொந்த ஸ்டைன்வே பியானோவையே கொண்டுபோனார். கச்சேரிப் பியானோ ஏறக்குறைய அரை டன் கனம். அந்த வசதி வெகு சிலருக்குத்தான் வாய்க்கும். மற்றவர்களுக்கு ஊருக்கு ஊர் புதுப் பியானோ. அதோடு சில மணி நேரத்தில் பழகியாக வேண்டும்.

கட்டை சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கும். அழுத்த ஏறக்குறைய 50 கிராம் எடை வேண்டும். இதில் சில கிராம் கூடினாலே நீண்ட கச்சேரியில் முன்கை இறுகிவிடும்.

உரக்க வாசிக்க எந்தப் பியானோவும் இடம்கொடுக்கும். சோதிக்க வேண்டியது மெல்லொலியை. கட்டையை மெதுவாக அழுத்திப் பாருங்கள்: அடியைத் தொடுவதற்குச் சற்று முன் விரலுக்கு ஒரு சிறு தடை தட்டுப்படும். கம்பியை அடிக்கும் சுத்தியல் கட்டையிலிருந்து விடுபடும் இடம் அது. கட்டைக்குக் கட்டை அது மாறினால், மெல்ல வாசிக்கும்போது சில சுரங்கள் ஒலிக்காமலே போகும். அடுத்தது மறு அடி. கட்டை முழுதும் மேலே வருமுன்பே மீண்டும் அடிக்க வழிசெய்யும் பொறியை 1821-இல் பியானோ தயாரிப்பாளர் எரார் கொண்டுவந்தார். அதன் வில் தளர்ந்திருந்தால், ஒரே சுரம் துடித்துக்கொண்டிருக்கும் ராவலின் 'ஸ்கார்போ' என்ற பியானோ உருப்படியின் தொடக்கத்தில் ஓட்டை விழும்.

சுத்தியலின் கம்பளி இறுகிப்போனால் ஒலி கண்ணாடிபோல் குத்தும். தொழில்நுட்பர் ஊசியால் குத்தி அதை இளக்குவார். அளவு மீறினால் ஒலி மங்கிவிடும். மாலைக்குள் மீட்பது கடினம். துருத்தி நிற்கும் இரண்டு மூன்று சுரங்களை மட்டும் தொழில்நுட்பரிடம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும் கலைஞரே விவரமானவர். ஒத்திகை முடிந்ததும் மறுபடி சுருதி சேர்க்கத் தொழில்நுட்பருக்கு மேடையை ஒழித்துத் தர வேண்டும். இசைக்குழுவோடு வாசிப்பதானால் சுருதி 440 ஹெர்ட்ஸா 442-ஆ என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

பகலில் தீர்க்க முடியாத ஒன்று, காலால் மிதித்து ஒலியை நீளவிடும் பெடல். காலி அரங்கு முழங்கும். ஆட்கள் நிறைந்ததும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். பகலில் அளவாகத் தெரிந்த பெடல் மாலையில் வறண்டுவிடும். எவ்வளவு பிடிப்பது என்பதை வாசித்துக்கொண்டே காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெடல் அதிகம் தேவைப்படாத ஹைடன் சொனாட்டாவைப் பலர் முதல் உருப்படியாக வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.